சமவெளிக்கு வந்த பன்னீர் ரோஜா: மதுரை வட்டாரத்தின் பூவரலாற்றில் ஓர் இயல்

மேலைநாட்டுத் தோட்டக்கலை நூல்கள் ஒரு ரோஜாச் செடியை வலிமையுள்ளது என்று குறிப்பிடும்போது, அது உறைபனியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும் என்பதையே பொருளாகக் கொள்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடா அரசின் வேளாண் ஆய்வுத்துறை, நாடுகாண் பயணிகளின் பெயர்களைச் சூட்டி ஒரு ரோஜா வரிசையை உருவாக்கியதன் நோக்கமும் கடுங்குளிரைத் தாங்கும் செடி வேண்டும் என்பதே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், வடக்கு அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுத் தெற்கே அமைந்த மதுரைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. இங்கே தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 40 பாகையைத் தொடுகிறது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இத்தகைய நிலத்தில் வலிமையுள்ள ரோஜா என்பது ஓய்வே கிடைக்காத செடி, ஆண்டு முழுவதும் துளிர்த்தும் பூத்தும் அலுக்காத செடி. அதோடு மணமும் வேண்டும் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஏனெனில் ரோஜா இனத்தில் புகழ்பெற்ற மணத்தைக் கொண்டவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் குடிகள். இவ்வளவு தடை இருந்தும் வைகைக் கரையின் சமவெளியில், கூரையோ நிழல்வலையோ இல்லாத வெட்டவெளியில், மணமுள்ள ரோஜா ஒன்று பயிராக நிலைத்தது. அதற்கு அரண்மனைத் தோட்டங்களோ துரைமார் பங்களாக்களோ செய்த உதவி சிறிது; பூக்கட்டுவோரும் பன்னீர்ச் செம்பும் செய்த உதவியே பெரிது.

மதுரையின் பழைய பூவுலகில் ரோஜாவுக்கு இடமில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு வரிசையாக அடுக்கும் 99 பூக்களில் அது இல்லை. மாலையும் சாந்தும் தெருவில் விற்கப்பட்ட கூடல் நகரைச் சங்கநூல்கள் விரிவாகக் காட்டினாலும், அந்த விற்பனையில் இருந்தவை முல்லையும் பித்திகமும் குவளையும் போன்ற இந்நிலத்துப் பூக்களே. கோயில் வழிபாட்டு முறைகள் உருப்பெற்றபோதும் நிலைமை மாறவில்லை. இன்ன தெய்வத்துக்கு இன்ன பூ உகந்தது என்று வகுத்த பழைய மரபில் தாமரை, செவ்வரளி, நந்தியாவட்டை, கொன்றை, வில்வம் ஆகியவை நிலையான இடம் பெற்றுவிட்டன. பிற்காலத்தில் வந்த ரோஜா அம்மன் சந்நிதிகளின் மாலைக்குள் நுழைந்ததற்கு ஏட்டு விதியைவிட நிறமும் பருமனும் அடியார் விருப்பமுமே காரணமாக இருந்திருக்க வேண்டும். மதுரையை உலகுக்கு அறிமுகம் செய்த பூ மல்லிகை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றதும் அதுவே. அந்தப் பெரும்புகழின் நிழலில் நின்றதாலேயே இவ்வட்டாரத்து ரோஜாவின் வரலாற்றைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செடிக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்தது அதன் நீர். பாரசீகத்தின் பார்ஸ் மாநிலத்தில், இன்று பிரூசாபாத் எனப்படும் சூர் நகரைச் சுற்றி வடிக்கப்பட்ட பன்னீர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறியதை 10-ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர்கள் குறித்துள்ளனர். குதிரையும் முத்தும் கைமாறிய பாண்டியநாட்டுத் துறைகள் அந்தக் கடல்வழியில்தான் இருந்தன. 14-ஆம் நூற்றாண்டில் மதுரையில் அமைந்த சுல்தானியம் நீண்டநாள் நிலைக்கவில்லை என்றாலும், 1340-களில் இபின் பதூதா வந்து தங்கும் அளவுக்குப் பாரசீகப் பண்பாட்டுடன் உறவுள்ள ஓர் அரசவையை அது இந்நகரில் சில பத்தாண்டுகள் நடத்தியது. விருந்தினர் மீது நறுநீர் தெளிக்கும் மரபு அத்தகைய அவைகளில் இயல்பான மரியாதையாக இருந்தது.

விசயநகரத்தின் பங்கு இதைவிட முக்கியமானது. 1443-இல் தைமூரிய மன்னர் சாருக்கின் தூதராக அங்கு வந்த அப்துர் ரசாக், நகரமெங்கும் ரோஜா விற்கப்பட்டதையும், உணவைப் போலவே அது இன்றியமையாதது என்று மக்கள் கருதியதையும் வியந்து எழுதினார். 1520-ஐ ஒட்டி வந்த போர்த்துக்கீசியரான தொமிங்கோ பாயசும் அந்நகரின் பூ வணிகத்தைக் கண்டு எழுதியுள்ளார். அயல்நாட்டார் மணமுள்ள எந்தப் பூவையும் ரோஜா என்று எழுதிவிடக்கூடியவர்கள்தாம். ஆயினும் பாரசீக மொழியில் எழுதிய ஒருவருக்குத் தம் நாட்டுப் பூவை அடையாளம் காண்பதில் பெரிய தடுமாற்றம் இருந்திருக்காது. அந்தப் பேரரசின் படைத்தலைமையிலிருந்து வந்து 1529-ஐ ஒட்டி மதுரை நாயக்க அரசை நிறுவிய விசுவநாதரும் அவர் வழியினரும் அரண்மனை வழக்கங்கள் பலவற்றைத் துங்கபத்திரைக் கரையிலிருந்தே கொண்டுவந்தனர். சந்தனமும் தாம்பூலமும் பன்னீரும் ஒரே தட்டில் சேர்ந்து வரவேற்பின் இலக்கணமாக ஆனதில் சுல்தானியரின் அவை, நாயக்கரின் அவை, பின்னர் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி ஆகிய மூன்றின் சுவடும் கலந்திருக்கிறது.

பன்னீர்ச் செம்பு இந்தக் கலப்பின் கைக்கு எட்டும் சான்று. உருண்டையான அடிப்பாகம், அதிலிருந்து நீண்டு மேலே மெலியும் கழுத்து, உச்சியில் பூவிதழ் போல விரிந்து சல்லடைத் துளையிட்ட மூடி என்னும் அதன் வடிவம் பாரசீகத்திலும் முகலாய வட இந்தியாவிலும் வழங்கிய தெளிப்பானின் வடிவமே. தமிழ்நாட்டுக்கு வந்தபின் அது வெள்ளியிலும் பித்தளையிலும், வசதி குறைந்த வீடுகளில் ஜெர்மன் சில்வரிலும் வார்க்கப்பட்டு, திருமண மண்டபத்து வாயிலில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் இடம்பிடித்தது. அதைக் கையாள்வதற்கும் ஒரு முறை உண்டு. கழுத்தைப் பிடித்துச் சற்றே சாய்த்து, மணிக்கட்டை மட்டும் ஒரு முறை வெட்டினால் நீர் திவலைகளாகச் சிதறும். முழுக்கக் கவிழ்த்தால் துளைகள் அடைபட்டு நீர் சொட்டுச் சொட்டாக வழிந்து வந்தவரின் பட்டை நனைத்துவிடும். பெரும்பாலும் இந்தப் பணி வீட்டுச் சிறுமிகளிடம் ஒப்படைக்கப்பட்டதால், இரண்டாவது விளைவும் திருமண நினைவுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. தர்காக்களின் சந்தனக்கூட்டிலும் கோயில்களின் அபிஷேகத்திலும் பன்னீர் ஒன்றுபோலவே பயன்படுவது, பொருள் ஒன்று ஊருக்குள் வந்தபின் சமய எல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இந்த நீரைத் தந்த பூ டமாஸ்க் ரோஜா. சிரியாவின் தலைநகரான டமாஸ்கசின் பெயரைத் தாங்கிய இந்த வகை ஒரு கலப்பினம் என்பதும், அதன் மூதாதையரில் நடு ஆசியக் காட்டு ரோஜா ஒன்றும் உண்டு என்பதும் 2000-இல் வெளியான மரபணு ஆய்வில் தெளிவாயின. பல்கேரியாவின் கசான்லிக்கிலும், ஈரானின் காசானிலும், உத்தரப் பிரதேசத்தின் கன்னௌசி, அத்தரசு வட்டாரங்களிலும் இன்றும் வடிப்புக்கென்று வளர்க்கப்படுவது இதுவே. ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழை வாலையில் இட்டு வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கிறது என்பது அதன் விலையை விளக்கும். வாலை என்பது இதழையும் நீரையும் சேர்த்துக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் கலம். ரோஜாவின் மணப்பொருள்களில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் ஆகியவை எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதந்துவிடும். பினைல் எத்தில் ஆல்ககால் என்னும் பொருள் மட்டும் நீரில் நன்கு கரையக்கூடியது. ஆகவே பன்னீரில் மிஞ்சும் மணம் பெரிதும் இந்தக் கடைசிப் பொருளின் மணமே. அத்தரின் மணமும் பன்னீரின் மணமும் ஒரே பூவிலிருந்து பிறந்தும் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

டமாஸ்க் ரோஜா மதுரைச் சமவெளியில் வேரூன்றாததற்கு அதன் உடலியல்பு காரணம். குளிரில் இலையுதிர்த்து உறங்கி எழுந்து, ஆண்டுக்கு ஒரு முறை சில வாரங்கள் மட்டும் பூக்கும் செடி அது. உறக்கத்துக்கான சமிக்ஞை கிடைக்காத நிலத்தில் இலையும் தண்டுமாகக் கொழுத்து வளர்ந்தாலும் பூப்பிடிப்பது அரிது. வட இந்தியாவின் மார்கழி, தைக் குளிர் அதற்குப் போதுமானதாக இருக்கிறது. வைகைக் கரையின் மார்கழிப் பனி போதாது. எனவே பல நூற்றாண்டுகள் மதுரை பன்னீரை விலைக்கு வாங்கும் நகரமாகவே இருந்தது. தன் மண்ணில் மணமுள்ள ரோஜாவைப் பயிரிட, அது முற்றிலும் வேறொரு கடல்வழியில் நடந்த தற்செயலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீனாவின் தோட்டங்களில் நெடுங்காலமாக ஒரு ரோஜா வளர்ந்துவந்தது. மணம் மெல்லியது, தண்டு ஒல்லியானது, குளிரைத் தாங்காதது. ஆனால் ஒவ்வொரு புதுத்துளிரின் நுனியிலும் ஒரு மொட்டு வைத்து ஆண்டு முழுவதும் பூப்பது. பூப்பதைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்று அந்தச் செடியில் செயலிழந்திருப்பதே இதற்குக் காரணம் என்று 2012-இல் வெளியான ஆய்வு நிறுவியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீன ரோஜாக்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றபோது, 1787-இல் நிறுவப்பட்ட கல்கத்தாத் தாவரத் தோட்டம் அவற்றுக்கு வழியிலமைந்த தங்குமிடங்களுள் ஒன்றாக இருந்தது. இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான பூர்போனுக்கும், அதாவது இன்றைய ரீயூனியனுக்கும், சீன ரோஜா வந்து சேர்ந்தது. அத்தீவின் குடியானவர்கள் தம் நிலங்களுக்கு வேலியாக ரோஜாச் செடிகளை நட்டனர். ஒரு வரிசையில் சீன ரோஜாவும் மறு வரிசையில் ஆண்டில் இருமுறை பூக்கும் டமாஸ்க் வகையும் நின்றன. வேலியில் யாரும் திட்டமிடாமல் முளைத்த கன்று ஒன்று இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருப்பதைச் செயின்ட் பெனுவா ஊரில் பெரிசோன் என்னும் நிலக்காரர் கண்டு பிரித்து நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1817-இல் அத்தீவின் அரசுத் தோட்டப் பொறுப்பேற்று வந்த தாவரவியலாளர் பிரேயோன் அதன் சிறப்பை உணர்ந்து, பாரிசை அடுத்த நூலியில் ஓர்லியன் கோமகனின் தோட்டத்தைக் கவனித்துவந்த சாக்கேசுக்கு விதை அனுப்பினார். ஐரோப்பாவில் பூர்போன் ரோஜாக்கள் என்னும் பெரிய குடும்பம் அதிலிருந்து தழைத்தது.

தீவின் மூலச்செடிக்குப் பிரெஞ்சில் எதுவார் ரோஜா என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது எட்வர்டு ஆயிற்று. ரயில் நிலையத்தை அடுத்து விக்டோரியா எட்வர்டு மன்றத்தைக் கொண்ட மதுரையில், எட்வர்டு ரோஜா என்றதும் அரசரின் பெயர் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் எட்வர்டு அரியணை ஏறுவதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன்பே பூத்துவிட்ட ரோஜா இது. 1835-இல் சென்னையில் அமைந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கமும், 1826-இல் புதுச்சேரியில் அமைந்த பிரெஞ்சுத் தாவரத் தோட்டமும் அயல்நாட்டுச் செடிகள் பரவுவதற்குப் பாதை வகுத்த அந்த நூற்றாண்டில் எட்வர்டு ரோஜா இந்தியா முழுவதும் பரவியது. ராசத்தானத்தின் புட்கரத்திலும் தமிழ்நாட்டின் சமவெளியிலும் ஒன்றுபோல் வளர்ந்த ரோஜா வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த பெயர் பன்னீர் ரோஜா. பல நூற்றாண்டுகளாக நீராக மட்டும் அறியப்பட்ட மணத்தை உயிருள்ள பூவில் முகர்ந்தவர்கள் வேறெந்தப் பெயரைத் தேடியிருக்கப் போகிறார்கள்? பெயரும் பொருத்தமானதே: டமாஸ்க் தன் மணத்தைக் கொடுத்தது, சீன ரோஜா ஓயாமல் பூக்கும் குணத்தையும் வெப்பத்தைத் தாங்கும் உடலையும் கொடுத்தது. திருச்செந்தூரில் இலைவிபூதிக்குப் பயன்படும் பன்னீர் மரம் இதனோடு தொடர்பில்லாத வேறு குடும்பத்துத் தாவரம்.

பன்னீர் ரோஜா காட்சிக்கு எளிய பூ. அடர்ந்த இளஞ்சிவப்பு, வெயிலேறினால் ஓரம் வெளுக்கும். இதழ்கள் மெல்லியவை, அடுக்கு ஒழுங்கற்றது, காம்பு குட்டை, முட்கள் ஏராளம். விடியுமுன் பாதி விரிந்திருக்கும் மொட்டு காலை பத்து மணிக்குள் முழுவதும் மலர்ந்து, மாலைக்குள் தளர்ந்து, தொட்டால் இதழ்களாக உதிர்ந்துவிடும். பூங்கொத்து கட்டுகிறவர் இதைக் கையிலும் எடுக்கமாட்டார். ஆனால் மதுரையின் பூ வணிகம் காம்பைக் கணக்கில் கொண்டதே இல்லை. உதிரிப்பூ எனப்படும், காம்பின்றிக் கிள்ளி எடையிட்டு விற்கப்படும் பூவே இவ்வட்டாரத்துச் சந்தையின் அடிப்படை. மல்லிகையும் கனகாம்பரமும் சம்பங்கியும் செவ்வந்தியும் அவ்வாறே விற்கப்பட்டன. ரோஜாவும் அந்த வரிசையில் போய் அமர்ந்துகொண்டது. காம்பின் நீளம், தண்டின் நேர்மை, குடுவையில் எத்தனை நாள் நிற்கும் என்னும் ஐரோப்பியப் பூச்சந்தையின் கேள்விகள் எவையும் இங்கே எழவில்லை. மாலையில் கோத்தால் நிறம் தெரிய வேண்டும், உதிர்த்துத் தூவினால் மணக்க வேண்டும், எடை நிற்க வேண்டும் என்பவையே இங்குள்ள கேள்விகள். இதழுதிர்வு ஐரோப்பியருக்குக் குறை. மணமக்கள் மீதும் ஊர்வலப் பாதையிலும் இறுதிப் பயணத்திலும் பூத்தூவும் ஊருக்கு அதுவே பயன். மணமுள்ள பழைய ரோஜா உலகின் பல சந்தைகளிலிருந்து விரட்டப்பட்ட 20-ஆம் நூற்றாண்டில் மதுரைச் சமவெளியில் தங்கிவிட்டதற்கு இந்த வணிக முறையைக் காட்டிலும் வலுவான காரணம் வேறில்லை.

பயிரிடும் நிலத்தைப் பார்த்தால், மதுரைக்கு வடமேற்கே வைகைக்கும் பழனிமலை அடிவாரத்துக்கும் இடைப்பட்ட நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, செம்பட்டி வட்டாரம்தான் இதன் தாயகம். ஆட்சி எல்லையில் அது இன்று திண்டுக்கல் மாவட்டம் என்றாலும், சந்தை உறவில் மதுரையைச் சேர்ந்தது. 1895-இல் பென்னிகுவிக்கின் பெரியாறு அணை மேற்கே ஓடிய நீரை வைகைக்குத் திருப்பியபோது வயல்களுக்குக் கால்வாய்ப் பாசனம் கிடைத்தது. ஆனால் அந்த நீர் முதன்மையாக நெல்லுக்கு. பூ விளைந்தது தோட்டக்காலில், அதாவது கிணற்றுப் பாசனமுள்ள மேட்டு நிலத்தில். செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம், தேங்காத நீர், வாரம் ஒருமுறையாவது இறைக்கக்கூடிய கிணறு என்னும் மூன்றும் ரோஜாவுக்கு இன்றியமையாதவை. மதுரைக்குத் தெற்கேயுள்ள கரிசலில் மழைக்காலத்து நீர் வடியாமல் வேர் அழுகிவிடும். கமலையில் மாடுகட்டி இறைத்த காலத்தில் சிறு பாத்திகளில் நின்ற பூச்செடி, மின்மோட்டார் வந்தபின் ஏக்கர்க் கணக்கில் விரிந்தது. அரை ஏக்கர் பூ உள்ள குடும்பத்துக்கு நாள்தோறும் கையில் காசு புரண்டது. ஆறு மாதம் காத்திருந்து அறுக்கும் நெல்லால் தர முடியாத வசதி அது.

சாகுபடி முறையில் கவனிக்கத்தக்கது கவாத்து. எட்வர்டு ரோஜாவைப் பெரும்பாலும் முற்றிய குச்சியை வெட்டி நட்டோ, தாழ்ந்த கிளையை மண்ணுக்குள் வளைத்துப் பதியன் போட்டோ பெருக்குகிறார்கள், ஒட்டுக்கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைப்படி, 45 சென்டிமீட்டர் ஆழ அகலமுள்ள குழிகளில் தொழுவுரம் இட்டு, வரிசைக்கு வரிசை 2 மீட்டரும் செடிக்குச் செடி 1 மீட்டரும் விட்டு நடவேண்டும். நடவு முடிந்த முதலாண்டிலேயே பூ வந்தாலும் வருமானம் இரண்டாம் ஆண்டிலிருந்தே நிலைக்கிறது. அதன்பின் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் செடியை வெட்டுகிறார்கள். வெட்டுபவர் முதலில் செடியின் நடுவே கையைவிட்டு, காய்ந்து கருத்த குச்சிகளையும் ஒன்றோடொன்று உரசும் குச்சிகளையும் அடியோடு எடுத்து உள்ளே வெளிச்சம் விழச்செய்கிறார். பிறகு சென்ற பருவத்தில் வளர்ந்த கிளையைப் பாதியளவில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, நீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டுகிறார். வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவுகிறார். தடவாமல் விட்டால் நுனியிலிருந்து கருப்பு இறங்கி, கிளை முழுவதையும் கொல்லும் நுனிக்கருகல் நோய் பிடித்துக்கொள்ளும்.

இந்த வெட்டு வெறும் ஒழுங்குபடுத்தல் எனக் கருதுவது போதாது. இயற்கை இந்நிலத்துக்குத் தராத குளிர்காலத்தை உழவர் கத்தரியால் உண்டாக்குகிறார். இலையும் கிளையும் இழந்த செடி சில நாள் அடங்கி, அடியிலிருந்து புதுத்துளிர்களை எழுப்பி, ஏறத்தாழ 45 நாளில் பூக்கத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெட்டப்பட்ட செடி மார்கழிக் கடைசியிலும் தையிலும் பூத்துக் குலுங்கும்; முகூர்த்தமில்லாத மார்கழி கழிந்து பொங்கலும் தைத் திருமணங்களும் நெருங்கும் வேளை அது, மல்லிகையோ பனியில் ஒடுங்கிப் பூக்குறைந்து நிற்கும் வேளை. செடியின் நாட்காட்டியும் சந்தையின் நாட்காட்டியும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது தற்செயலாக இருக்க முடியாது; ஆண்டாண்டாகப் பார்த்துப் பார்த்து அமைத்த ஏற்பாடே இது. கோடையில் நிலைமை தலைகீழ். கத்திரி வெயிலில் பூ சிறுத்து இதழ் கருகும். இலைப்பேனும் செஞ்சிலந்தியும் சேர்ந்து தளிரைச் சுருட்டும். மாவுப்பூச்சி கணுக்களில் வெண்பஞ்சாக அப்பிக்கொள்ளும். பூவெடுப்பு ஆண்டு முழுவதும் விடியுமுன்னரே நடக்கிறது. சூரியன் ஏற ஏற மணப்பொருள் ஆவியாகி வெளியேறுவதும், பூ சந்தைக்குப் போய்ச்சேரும்முன் விரிந்துவிடுவதும் அதற்குரிய காரணங்கள். முள்ளுக்குப் பயந்து கைக்குத் துணிசுற்றிப் பறிக்கும் பெண்களின் உழைப்பே இந்தப் பயிரின் செலவில் பெரும்பங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலக்கோட்டைச் சந்தைக்கும் மதுரை மாட்டுத்தாவணிக்கும் காலையில் வந்துசேரும் மூட்டைகளுக்குக் கமிஷன் கடைக்காரர் சொல்வதே விலை. அது முகூர்த்த நாளில் ஏறி, அடுத்த நாளே பூவைக் குப்பையில் கொட்டும் அளவுக்கு இறங்குவதும் உண்டு.

எட்வர்டு ரோஜாவின் தனியாட்சி நீடிக்கவில்லை. ஆந்திரச் சிவப்பு எனப்படும் வகை அதனருகே இடம்பிடித்து, அடர்நிறத்தாலும் மாலையில் கூடுதல் நேரம் நிற்பதாலும் பல வயல்களில் அதை ஓரங்கட்டியது. அந்த மாற்றத்தில் மணம் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். மேடையில் தலைவர் கழுத்தில் விழும் ஆள்உயர மாலையைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்களே ஒழிய யாரும் முகர்வதில்லை. ஓசூரில் பாலித்தீன் கூடாரங்களுக்குள் வளரும் நெடுங்காம்பு ரோஜாக்கள் மூன்றாவது தரப்பு. குளிர்ந்த மேட்டுநிலமும் பெங்களூரு விமான நிலையமும் பக்கத்தில் இருப்பதால் அங்கு வளர்ந்த அத்தொழில், குடுவையில் பல நாள் நிற்கும் தன்மைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, பெரும்பாலும் மணமற்ற வகைகளைச் சார்ந்தது. மதுரையின் அலங்கார மேடைகளில் அவை நிறைய உண்டு. சமவெளியின் வெட்டவெளியில் அவை தாக்குப்பிடிப்பதில்லை.

ஐரோப்பியரின் ரோஜாக்கள் மலையேறிவிட்டன. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்கச் சமயப்பரப்பாளர், காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி 1845-இல் பழனிமலை உச்சியில் கொடைக்கானலில் வீடு கட்டியபோது, தம் ஊர்ப் பூச்செடிகளை அங்கேயே நட்டுக்கொண்டனர். 1908-இல் உருவான பிரையண்ட் பூங்காவின் ரோஜாப் பாத்திகள் அம்மரபின் தொடர்ச்சி. வியப்பு என்னவென்றால், அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அம்மலையில் ஒரு ரோஜா இருந்தது. பழனிமலையிலும் நீலகிரியிலும் சோலைக்காட்டு ஓரங்களில் மரங்களின்மேல் ஏறிப் படர்ந்து வெள்ளைப் பூக்கொத்து வைக்கும் லெசனால்ட் ரோஜா, 1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெசனால்ட்டின் பெயரால் அறியப்படுவது, தென்னிந்தியாவுக்கே உரியது. ஆனால் ஆண்டில் ஒருமுறை பூத்து மலைக்காட்டிலேயே முடங்கிய அதன் வாழ்வு, கீழே மாலைகட்டியவர்களின் வாழ்வைத் தொடவில்லை.

இந்த இடைவெளியை அறிவியல் வழியில் நிரப்ப முயன்றவர் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவன். இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி ரோஜாக் கலப்பினத்தையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அவர், துணைவியார் கிரிஜாவுடன் சேர்ந்து, வெப்ப நாடுகளுக்கான ரோஜாவை வெப்ப நாடுகளின் காட்டு ரோஜாக்களிலிருந்தே உருவாக்க வேண்டும் என்று வாதிட்டார். மேலைநாட்டில் கலப்பினம் உருவாக்குவோர் குளிர்நாட்டுக் காட்டினங்களின் குருதியை மேலும் மேலும் சேர்த்ததால், அவர்களின் புதிய வகைகள் இந்தியச் சமவெளிக்கு ஒவ்வாதவையாகிவிட்டன என்பது அவர் கருத்து. மணிப்பூர், பர்மிய மலைகளின் பேருருவ ரோஜாவான ரோசா ஜைகாண்டியாவையும், வங்கத்தின் நீர்நிலைக் கரைகளில் வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கி வளரும் ரோசா கிளினோபில்லாவையும் அவர் பெற்றோர்ச் செடிகளாகக் கொண்டார். அவர் உருவாக்கிய வகைகளுள் ஒன்று தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரும் கோதுமை ஆய்வாளருமான பி.பி. பால், இந்திய ரோஜாவைப் பற்றிய நூலை 1966-இல் வெளியிட்டதோடு மணமுள்ள வகைகளையும் உருவாக்கியவர். தில்லியின் குளிரை நம்பிய அவர் பணிக்கும் தெற்கிலிருந்து நடந்த இந்தப் பணிக்கும் இடையே நோக்கம் ஒன்றாயினும் தட்பவெப்பம் வேறு.

புதிய கலப்பினங்கள் நிலக்கோட்டை உழவரின் தோட்டத்தை இன்னும் பெரிதாகத் தொடவில்லை. கடையில் விற்கும் மலிவான பன்னீர்ப் புட்டிகளில் பலவும் பூவைக் காணாமல், செயற்கையாகச் செய்த பினைல் எத்தில் ஆல்ககாலைக் காண்பவை. பன்னீர் ரோஜாவோ வயலைவிட வீட்டுக் கொல்லையில் உறுதியாக நிற்கிறது. பதியன் போட்ட கன்று உறவினர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் காசின்றிப் போகிறது. இதழ்களைக் கற்கண்டுடன் அடுக்கி வெயிலில் வைத்துக் குல்கந்து செய்வதும் அந்த வீடுகளில் தொடர்கிறது. தொட்டியில் வாங்கிய பலநிற ஒட்டுரோஜா முதல் கோடையில் காய்ந்து, ஒட்டுக்குக் கீழேயுள்ள அடிச்செடியிலிருந்து புதிய போத்து கிளம்புவதும் உண்டு. எட்வர்டு ரோஜாவே ஒட்டுக்கு அடிச்செடியாக இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்டுள்ளதால், விரும்பி வாங்கிய நிறம் போய் அதே தொட்டியில் பன்னீர் ரோஜா பூக்கும் வாய்ப்பும் இருக்கிறது. தோட்ட நூல்கள் அந்தப் போத்தைக் கண்டதும் கிள்ளியெறியச் சொல்கின்றன. மதுரைப் பக்கத்து வீடுகளில் அதை விட்டுவைப்பதே பெரும்பாலும் நல்லது.